இஸ்ரேலில் சந்தித்தவர்கள்: இன்னும் உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு பேச்சு

தெற்கத்திப் பராமரிப்பாளர்:

இஸ்ரேலில் சந்தித்த யாருடைய பேச்சாவது இன்னும் உங்களை உறுத்துகிறது என்றால் இங்கே எழுதுங்கள். நானே தொடங்கி வைக்கிறேன். நான் பார்த்துக்கொள்ளும் பாட்டிக்கு ஒரு மகன். காசா எல்லையோரத்துக் கிப்புட்ஸ் (கூட்டுப்பண்ணைக் கிராமம்) ஒன்றில் குடியிருந்தவர். ஹமாஸ் எல்லை தாண்டிப் புகுந்து தாக்கிய 2023 அக்டோபர் 7 பற்றி இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மமாத், அதாவது வீட்டோடு சேர்த்துக் கட்டிய பாதுகாப்பு அறை, அதன் கதவு உள்ளிருந்து பூட்டாது என்பதும் உங்களுக்குத் தெரியும். ராக்கெட்டைத் தாங்குவதற்கென்று கட்டிய அறை அது. கட்டடம் இடிந்தால் மீட்புப் படையினர் வெளியிலிருந்து திறக்க வேண்டும் என்று பூட்டு வைக்காமல் விட்டார்கள். துப்பாக்கியோடு ஆள் வந்து கதவைத் தள்ளுவான் என்று கட்டியவர்கள் நினைக்கவில்லை. இவர் காலையிலிருந்து பிற்பகல் வரை கைப்பிடியை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். மனைவியும் பிள்ளைகளும் கட்டிலுக்கடியில்.

இதெல்லாம் பாட்டி சொன்னது. மகன் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. சில மாதம் கழித்து, பாட்டி வீட்டு மமாத் கதவுக்கு இரும்புத் தாழ்ப்பாள் பொருத்த வந்தார். வேலையைத் தொடங்குவதற்கு முன் என்னை வெளியே நிறுத்தி, கதவைச் சாத்திக்கொண்டு, "தள்ளு" என்றார். தள்ளினேன். "இன்னும் பலமாக." தோளைக் கொடுத்துத் தள்ளினேன். "விளையாடாதே, உண்மையாகத் தள்ளு!" என்று உள்ளிருந்து கத்தினார். கைப்பிடி கொஞ்சம் இறங்கியது, மறுபடியும் ஏறியது. அவர் மூச்சு வாங்குவது எனக்குக் கேட்டது. கதவைத் திறந்தபோது முகம் வெளுத்திருந்தது. "நீ ஐம்பது கிலோகூட இருக்க மாட்டாய்" என்றார். பாட்டி சமையலறையிலிருந்து எபிரேயத்தில் மகனைத் திட்டிக்கொண்டிருந்தார்.

என்னை உறுத்துவது அதற்குப் பிறகு நடந்தது. போருக்கு முன் இவர் காசாவிலிருந்து சிகிச்சைக்கு வரும் பிள்ளைகளை எல்லையிலுள்ள எரெஸ் சாவடியிலிருந்து இஸ்ரேலிய மருத்துவமனைகளுக்குத் தன் காரில் ஏற்றிச் சென்ற தன்னார்வலர். அந்த வேலையைச் செய்தவர்களில் எல்லையோரக் கிப்புட்ஸ்காரர்கள் உண்டு. அன்று பெஎரி கிப்புட்ஸில் கொல்லப்பட்ட அமைதிச் செயற்பாட்டாளர் விவியன் சில்வரும் அப்படிக் கார் ஓட்டியவர்தான். மறுபடியும் ஓட்டுவீர்களா என்று கேட்டேன். திருப்புளியைப் பெட்டியில் போட்டுவிட்டு, "பிள்ளையை ஏற்றுவேன். கூட வரும் அப்பனை ஏற்ற மாட்டேன்" என்றார்.

பிள்ளை தனியாக எப்படி வரும் என்று நான் கேட்கவில்லை.

முன்னாள் அஷ்கெலோன்:

அக்கா, உங்கள் பாட்டி வீட்டில் மமாத் இருக்கிறது, கொடுத்து வைத்தவர். நான் வேலை செய்த வீடு பழைய கட்டடம். பொதுப் பதுங்கிடம் தெருவுக்கு அந்தப் பக்கம். அஷ்கெலோனில் சைரன் அடித்தால் கையில் இருப்பது முப்பது விநாடி. தாத்தாவோ சக்கர நாற்காலியில். 2021 மே மாதம், நினைவிருக்கும். அந்த வாரம் அதே ஊரில் கேரளத்துச் சகோதரி ஒருவர் ராக்கெட் விழுந்து இறந்துபோனார். நம்மைப் போல வயதானவரைப் பார்த்துக்கொள்ள வந்தவர்.

மறுநாள் சைரன் அடித்ததும் நான் நாற்காலியைப் பிடித்தேன். தாத்தா இரண்டு சக்கரத்தையும் பூட்டிவிட்டு என் கையைத் தட்டிவிட்டார். "ஓடு. இது நீ பிறந்த சண்டை இல்லை" என்றார். நான் ஓடவில்லை. அவரைக் குளியலறைப் பக்கம் இழுத்துப்போய்ச் சுவரோடு சேர்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ராக்கெட்டை வானத்திலேயே இடைமறிக்கும் அயர்ன் டோம் வெடிக்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவர் கணக்குச் சொல்லிக்கொண்டே வந்தார், "நம்முடையது, நம்முடையது" என்று. ஒன்றுக்கு மட்டும் வாயை மூடிக்கொண்டார். அது விழுந்தது.

அவருடைய மகளைக் காசாவின் குஷ் கதீப் யூதக் குடியேற்றப் பகுதியிலிருந்து 2005-இல் ராணுவமே வெளியேற்றியது. காசாவில் இருந்த 21 குடியேற்றங்களையும் காலி செய்தார்களே, அப்போது. பேச்சு எங்கே தொடங்கினாலும் அங்கேதான் வந்து நிற்பார்: "சொந்த மகளை அவள் வீட்டிலிருந்து தூக்கி பஸ்ஸில் ஏற்றினோம். செத்தவர்களின் கல்லறைகளைக்கூடத் தோண்டி எடுத்து வந்தோம். ஒரு யூதன் அங்கே பாக்கி இல்லை. அதற்குப் பிறகும் ராக்கெட் வந்தது. இனி எதைக் காலி செய்ய?" எனக்கு அரசியல் தெரியாது. ஆனால் அந்தக் கேள்விக்கு அப்போது பதில் தெரியவில்லை.

ஹைஃபா பழைய மாணவன்:

பதில் தெரியவில்லை என்றதால் சொல்கிறேன், யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. தாத்தாவின் துயரம் உண்மை. ஆனால் கதையில் பாதிதான் அவரிடம் இருக்கிறது. குடியேற்றக்காரர்கள் வெளியே வந்தார்கள், சரி. காசாவின் வான்வெளியும் கடலும் யார் கையில் இருந்தன? இஸ்ரேலின் கையில்தான். எகிப்து எல்லையைத் தவிர மற்ற வாசல்களும் அப்படியே. 2006 ஜனவரியில் ஹமாஸ் தேர்தலில் வென்றது, 2007 ஜூனில் போட்டிப் பாலஸ்தீனக் கட்சியான ஃபத்தாவை அடித்து விரட்டிவிட்டுக் காசாவைத் தன் பிடியில் கொண்டுவந்தது, அதன் பின் முற்றுகை இறுகியது. அதே ஆண்டுகளில் மேற்குக் கரையில் குடியேற்றங்கள் வளர்ந்துகொண்டுதான் இருந்தன. காசாவைவிட்டு வந்ததே மேற்குக் கரையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளத்தான் என்று இஸ்ரேலியர்களிலேயே பலர் சொல்வார்கள். இந்தப் போரில் காசாவில் இறந்தவர்கள் அங்குள்ள சுகாதார அமைச்சகத்தின் கணக்கில் 60,000-க்கும் மேல். இதையும் எழுதிவிட்டுத்தான் "இனி எதைக் காலி செய்ய" என்று கேட்க வேண்டும்.

அனுபவம் என்று கேட்டால் எனக்கும் ஒன்று உண்டு. என் அறை நண்பன் ராணுவச் சேவையை மேற்குக் கரையின் ஹெப்ரோன் சோதனைச் சாவடியில் கழித்தவன். ஒருநாள் இரவு சொன்னான்: "என் தாத்தா வயதுக்காரரைச் சட்டையைத் தூக்கிக் காட்டச் சொல்வேன். ஆயிரம் பேரில் ஒருவன் வயிற்றில் வெடிகுண்டு கட்டியிருப்பான். மிச்சம் 999 பேரும் அன்றிலிருந்து என்னை வெறுப்பார்கள். நானாக இருந்தாலும் வெறுப்பேன்." சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போனான். அவ்வளவுதான்.

தெற்கத்திப் பராமரிப்பாளர்:

தம்பி, நீங்கள் சொன்னது எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தாத்தா என்ன சொன்னார் என்றுதான் அவர் எழுதியிருக்கிறார், தீர்ப்பு எழுதித் தரச் சொல்லவில்லை. உங்கள் நண்பன் கதை நான்கு வரி, அதற்கு முன்னால் பாடம் ஒரு பக்கம். நண்பனைப் பற்றி இன்னும் எழுதியிருக்கலாம்.

பீர்ஷெபா ஆய்வு மாணவர்:

இங்கே சண்டை வேண்டாம், நான் வேறு இடத்துக்கு அழைத்துப் போகிறேன். பீர்ஷெபாவுக்குப் பக்கத்தில் நெவாதிம் என்று ஒரு மோஷாவ், கூட்டுறவு விவசாயக் கிராமம். 1950-களில் கொச்சியிலிருந்து வந்த யூதர்கள் குடியேறிய ஊர். அவர்களுக்கென்று ஜெப ஆலயமும் ஒரு பாரம்பரிய மையமும் உண்டு. எனக்கு நாகர்கோவில், மலையாளம் கைவசம். சக மாணவன் ஒருவன் தன் பாட்டியைப் பார்க்க அழைத்துப் போனான். சின்ன வயதில் கப்பலேறி வந்தவர். என்னைக் கண்டதும் அவருக்கு மறந்துபோயிருந்த மலையாளம் துண்டு துண்டாக வந்தது. புளி எங்கே கிடைக்கிறது என்று அரை மணி நேரம் விசாரித்தார்.

ஊர்ப் பெயரிலேயே விமானப் படைத் தளம் ஒன்று பக்கத்தில் இருக்கிறது. போர் தொடங்கி நாளாகாத சமயம். போர் விமானம் மேலே ஏறும்போது வீட்டில் கண்ணாடி அதிரும். பாட்டி பேசிக்கொண்டிருந்த சொல்லின் நடுவிலேயே நிறுத்துவார். சத்தம் அடங்கியதும் விட்ட இடத்திலிருந்தே எடுப்பார், கையும் நின்ற இடத்திலிருந்தே அசையத் தொடங்கும். அந்த வீட்டில் யாருக்கும் அது விசித்திரமாகத் தெரியவில்லை. பேரன் ஒருவன் அப்போது காசாவுக்குள் இருந்தான்.

நான் ஏதோ ஆறுதலாகக் கேரளத்தில் யூதர்களுக்கு ஒரு தொந்தரவும் இருந்ததில்லையே என்று சொல்லிவைத்தேன். "அதுதான் சிக்கல்" என்றார். "ஈராக்கிலிருந்து வந்தவர்கள் துரத்தினார்கள் என்று சொல்லிக்கொள்ளலாம். போலந்துக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். எங்களை யாரும் துரத்தவில்லை. நாங்கள் ஜெபித்து, விரும்பி, வந்தோம். அதனால் இங்கே குண்டு விழுந்தால் புகார் சொல்லக்கூட எனக்கு வழியில்லை." பிறகு கொஞ்சம் சூடாக, "ஹமாஸ்காரன் எங்களை வந்த ஊருக்கே திரும்பிப் போகச் சொல்கிறான். எறணாகுளத்தில் எங்கள் வீடு இருந்த இடத்தில் இப்போது கடை. கடைக்காரன் காலி செய்வானா?" என்றார். பேரனின் அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பீர்ஷெபாவின் சொரோகா மருத்துவமனையில் அக்டோபர் 7 அன்று காயம்பட்டு வந்தவர்களைப் பார்த்த மருத்துவர்களில், செவிலியர்களில் பாலைவன நாடோடி மரபில் வந்த அரபு பெதுயீன்களும் இருந்தார்கள். பெதுயீன்களையும் அன்று கொன்றார்கள், கடத்தினார்கள். நம் ஊர்ச் செய்திகளில் இது வருவதே இல்லை.

உலகம் சுற்றியவர்:

டெல் அவீவில் ஒரு டாக்ஸி ஓட்டுநர், சைரன் அடித்ததும் காரை ஓரங்கட்டி, மீட்டரை நிறுத்திவிட்டுத்தான் தரையில் படுத்தார். நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை. என் அனுபவம் இவ்வளவே.

ஆனால் புதிதாகப் போகிறவர்கள் இதைப் படிப்பார்கள் என்பதால் சில விஷயங்கள். முதலில், ராக்கெட் எச்சரிக்கை தரும் இஸ்ரேல் ராணுவப் பிரிவான உள்நாட்டு முன்னணிக் கட்டளையகத்தின் செயலியைப் போனில் ஏற்றிக்கொள்ளுங்கள், எந்த ஊரில் இருக்கிறீர்களோ அதைக் குறித்து வையுங்கள். சைரன் அடித்தபின் பதுங்கக் கிடைப்பது ஸ்டெரோட்டில் பதினைந்து விநாடி, பீர்ஷெபாவில் ஒரு நிமிடம், டெல் அவீவில் ஒன்றரை நிமிடம். இந்தக் கணக்குக் காசாவிலிருந்து வரும் ராக்கெட்டுக்குத்தான். மமாத் இல்லாத வீட்டில் மாடிப்படிக் கூடத்துக்குப் போங்கள், வெளிச்சுவரும் ஜன்னலும் இல்லாத இடமாகப் பார்த்து நில்லுங்கள். மேல்மாடியில் நிற்காதீர்கள். சாலையில் இருந்தால் வண்டியை நிறுத்தி இறங்கி, தள்ளிப் போய்க் குப்புறப் படுத்து, கைகளால் தலையை மூடிக்கொள்ளுங்கள். சத்தம் நின்றதும் எழுந்து வேடிக்கை பார்க்காதீர்கள், குறைந்தது பத்து நிமிடம் பொறுங்கள். இடைமறித்த ராக்கெட்டின் துண்டும் ஆளைக் கொல்லும். பாஸ்போர்ட், விசா நகல், மருந்து, கொஞ்சம் ரொக்கம் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் கதவருகே மாட்டி வையுங்கள். தூதரகத்தில் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். எஜமானரோடு அரசியல் பேசாதீர்கள். பேசினாலும் கேட்டுக்கொள்ளுங்கள், கருத்துச் சொல்லாதீர்கள். வீட்டில் அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பிப் பயமுறுத்தாதீர்கள்.

முன்னாள் அஷ்கெலோன்:

இதெல்லாம் ஏஜென்சியில் முதல் நாளே சொல்லிவிட்டார்கள், ஐயா. அந்த டாக்ஸிக்காரர் எழுந்து என்ன சொன்னார்?

உலகம் சுற்றியவர்:

"மீட்டர் ஓடினால் நீ சண்டை போடுவாய், ஹமாஸோடு சண்டை போட அரசாங்கம் இருக்கிறது" என்றார்.

டெல் அவீவ் நான்காம் மாடி:

நான் இருந்த வீட்டம்மா ஒவ்வொரு சனிக்கிழமை மாலையும் பணயக் கைதிகள் சதுக்கத்துக்குப் போவார். ஒப்பந்தம் போடு, எல்லோரையும் கொண்டுவா, விலை எதுவானாலும் சரி, இதுதான் அவர் கட்சி. அன்று கடத்தப்பட்டவர்கள் 251 பேர். அவர்களில் ஒருவர் வீட்டம்மாவுடைய தோழியின் பேரன்.

அதே கட்டடத்தில் இரண்டாம் மாடியில் ஒரு பெரியவர். இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் நடந்த இரண்டாம் இன்டிஃபாடாவில் (பாலஸ்தீன எழுச்சி), பஸ் குண்டுவெடிப்பில் மகளைப் பறிகொடுத்தவர். குண்டை ஏற்பாடு செய்து அனுப்பியவன் ஆயுள் சிறையில் இருந்தான். பாலஸ்தீனக் கைதிகளை விடுவித்துப் பணயக் கைதிகளை மீட்கும் பேச்சு வந்தாலே முதலில் வெளியே வரப்போவது இப்படிப்பட்டவர்கள்தான் என்பது அவருடைய வாதம். 2011-இல் கிலாத் ஷாலித் என்ற ஒரே ஒரு சிப்பாய்க்காக 1,027 பேரை விட்டார்கள், அதில் ஒருவர் அக்டோபர் 7 தாக்குதலைத் திட்டமிட்ட ஹமாஸ் தலைவர் யஹ்யா சின்வார், பிறகு என்ன ஆனது என்று பார்த்தீர்கள் அல்லவா என்பார். பதில் சொல்ல முடியாது. வீட்டம்மாவும் சொல்ல மாட்டார். "பார்த்தேன். அதற்காக அந்தப் பையன் சுரங்கத்தில் சாகட்டுமா?" என்று மட்டும் கேட்பார். அதற்கு அவரிடம் பதில் இருக்காது.

ஒரு சனிக்கிழமை நாங்கள் திரும்பி வந்தபோது லிஃப்ட் வாசலில் அவர். வீட்டம்மாவின் ஒரு கையில் கைத்தடி, மறு கையில் அந்தப் பையனின் படம் ஒட்டிய பலகை. பெரியவர் லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு, பலகையையும் வாங்கிக்கொண்டார். படம் கசங்காமல் நெஞ்சோடு அணைத்துப் பிடித்தார். பிறகு சாதாரணமாக, "ஒப்பந்தத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போகும் மனுவில் இன்று கையெழுத்துப் போட்டேன்" என்றார். வீட்டம்மா, "தெரியும். நான்கை அழுத்து" என்றார்.

ஹைஃபா பழைய மாணவன்:

2025 அக்டோபரில் உயிரோடிருந்த கடைசி 20 பேரும் வந்துவிட்டார்களே. பதிலுக்கு விட்ட ஆயுள், நீண்ட காலத் தண்டனைக் கைதிகள் 250 பேரின் பட்டியலில் அந்த ஆள் இருந்தானா?

டெல் அவீவ் நான்காம் மாடி:

இருந்தான். எகிப்துக்கு நாடு கடத்தினார்கள். தோழியின் பேரன் அதற்கு முன்பே, சவப்பெட்டியில், வந்திருந்தான்.

வீட்டம்மாவும் பெரியவரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று கேட்காதீர்கள், நான் அருகில் இல்லை. நான் பார்த்தவரை, கட்டடப் பராமரிப்புக் கட்டணத்தை முதல் மாடிக்காரர் இன்னும் கட்டவில்லை என்பதைப் பற்றித்தான் இருவரும் பேசிக்கொள்கிறார்கள். அதில் இருவரும் ஒரே கட்சி.