வீடு நியூ ஜெர்சி, ஆபீஸ் மன்ஹாட்டன்: மாநில வரி எங்கே இடிக்கிறது?

நியூ ஜெர்சியில் எடிசன் என்ற ஊரில் இருக்கும் வீட்டிலிருந்து வேலை பார்த்த நாளெல்லாம் நியூ ஜெர்சி கணக்கு என்று நினைத்துத்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். வாரத்தில் சில நாள் மன்ஹாட்டன் ஆபீஸ், மீதி வீடு என்றால், நம் வசதிக்காக வீட்டில் வேலை செய்த நாளும் மாநில வரிக் கணக்கில் நியூயார்க் நாள்தான். கம்பெனியின் தேவைக்கே வீடு ஆபீஸாக இயங்குகிறது என்று நிரூபித்தால்தான் விலக்கு. அதற்கான நிபந்தனைகளை நியூயார்க் வரித்துறை 2006-இல் வெளியிட்டிருக்கிறது. மேனேஜர் அனுமதி கொடுத்த மெயில் மட்டும் போதாது.

இந்த நாள் கணக்கு, நியூயார்க்கின் ஐடி-203-பி படிவத்தில் வரும். 365-இல் சனி ஞாயிறு 104, பொது விடுமுறை 11, லீவு 10 போக 240 வேலை நாள். ஆபீஸில் 100, வீட்டில் 125, டல்லஸ் கிளையண்ட் இடத்தில் 15 என்றால், கழிக்கக்கூடியது அந்த 15 மட்டும். சம்பளம் 1,20,000 டாலரானால் அதில் 1,12,500 நியூயார்க் வருமானமாகக் கணக்காகும், 50,000 அல்ல. டல்லஸ் டிக்கெட், ஓட்டல் ரசீதைப் பத்திரமாக வையுங்கள், கேட்டால் காட்ட வேண்டும்.

முதலில் நியூயார்க்கில் குடியிராதவர்களுக்கான வரிப் படிவம் ஐடி-203-ஐ முடித்துவிட்டு அப்புறம் நியூ ஜெர்சிக்கு வாருங்கள். நியூயார்க்கில் கட்டிய வரிக்கு ஈடாக நியூ ஜெர்சி தரும் வரிச்சலுகைக்கு எடுக்க வேண்டியது ஐடி-203-இல் வந்த வரி. கம்பெனி தரும் வருடாந்திரச் சம்பளச் சான்றான டபிள்யூ-2-இல் 17-ஆம் கட்டத்தில் இருப்பது வெறும் பிடித்தம். அதைப் போடுவதுதான் அடிக்கடி நடக்கும் தப்பு. அந்த வருமானத்துக்கு நியூ ஜெர்சி போடும் வரிக்கு மேல் சலுகை கிடைக்காது.

*

பேரோல் பக்கம் ஒன்று. வேலையின்மைக் காப்பீடு எந்த மாநிலத்துக்கு என்பதை வருமான வரியை வைத்து முடிவு செய்யக் கூடாது. முழுக்க வீட்டிலிருந்தே வேலை, எப்போதாவது ஒரு மீட்டிங்குக்குத்தான் மன்ஹாட்டன் என்றால் அது நியூ ஜெர்சிக்கு. பே-ஸ்லிப்பைப் பார்த்தாலே தெரிந்துவிடும்: நியூ ஜெர்சியில் ஊழியரிடமும் இதற்குப் பிடிப்பார்கள், நியூயார்க்கில் கம்பெனி மட்டுமே கட்டும். தப்பான மாநிலத்தில் கட்டியிருந்தால் வேலை போன நேரத்தில்தான் தெரியவரும், உதவித்தொகை இழுத்தடிக்கும். இப்போதே எச்ஆரிடம் கேளுங்கள்.

*

டெக்சாஸுக்குக் குடிபோய், மாதம் ஒரு வாரம் மட்டும் மன்ஹாட்டன் வருபவர்களுக்கு இன்னும் கஷ்டம். வீட்டு நாட்களும் நியூயார்க்கில் சேரும். டெக்சாஸில் வருமான வரியே இல்லாததால் ஈடுகட்டச் சலுகையும் கிடையாது.

நியூயார்க் நகரத்தின் குவீன்ஸிலிருந்து நியூ ஜெர்சிக்கு மாறியவர்கள், வரிப் பிடித்தத்துக்கான ஐடி-2104 படிவத்தைப் புதிதாகக் கம்பெனிக்குக் கொடுங்கள். இல்லையேல் நகர வரியும் பிடித்துக்கொண்டே இருப்பார்கள். டபிள்யூ-2-இல் 18 முதல் 20 வரையுள்ள கட்டங்களைப் பாருங்கள். மாறிய வருஷத்துக்கு, நகரத்தில் குடியிருப்பு மாறியதற்கான ஐடி-360.1 படிவத்தை இணைத்தால், மாறிய பிறகு பிடித்த நகர வரி கணக்கில் சரிக்கட்டப்படும்.