காவிரிக்கரையிலிருந்து நைலுக்கு: ஜோடியாகப் போய் வந்தவர்கள் சொன்னவை

ஐயாற்றுக்காரன்:

எகிப்துக்குப் போய் வந்தோம் என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது பிரமிடைத்தான். அதையும் பார்த்தோம், சரி. ஆனால் என் மனசில் நிற்பது லக்ஸரில் ஏறி அஸ்வானில் இறங்கிய கப்பல் பயணமும் அந்த வழியில் சந்தித்த மனிதர்களும்தான். திருவையாற்றுப் பக்கம் நெல்லும் வாழையும் போடுகிற குடும்பம் எங்களுடையது. பிள்ளைகள் வேலைக்குப் போன பிறகு, ஒரு தை அறுவடை முடிந்த கையோடு நானும் மனைவியும் கிளம்பினோம். ஆற்றங்கரைக்காரர்கள் அங்கே பார்க்க எவ்வளவு இருக்கிறது என்று போகும் முன்னால் எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அதற்காகவே இதை எழுதுகிறேன்.

லக்ஸருக்கும் அஸ்வானுக்கும் நடுவே 200 கிலோமீட்டர் சொச்சம். காரில் அரை நாள் கூட ஆகாது. கப்பல் அதையே மூன்று நான்கு இரவுகள் எடுத்துக்கொண்டு போகும். அந்த நிதானம்தான் பயணத்தின் அருமை. மேல்தளத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் இரண்டு கரையும் கூடவே வரும். கரும்பு, வாழை, பேரீச்சை, எருமை, கொக்கு, கழுதை முதுகில் பச்சைத் தீவனக் கட்டு. நம் ஊர்தானோ என்று நினைக்கும்போதே பச்சைக்குப் பின்னால் மொட்டைப் பாலைவனம் எழுந்து நிற்கும். சில இடங்களில் அந்தப் பச்சை ஒரு கூப்பிடு தூரம்கூட இல்லை. ஆறு எட்டுகிற வரைதான் ஊர், அதற்கு அப்பால் மணல்.

கப்பல் கிளம்புவதற்கு முன் நடந்ததை முதலில் சொல்ல வேண்டும். லக்ஸரின் மேற்குக் கரையில் அரசர்களின் பள்ளத்தாக்குக்கு எல்லோரையும் கூட்டிப்போவார்கள். 1922-இல் துத்தங்காமுன் கல்லறையைக் கண்டுபிடித்தது அங்கேதான். அதற்குப் பக்கத்தில் டேர் எல் மதீனா என்று ஒரு இடம். அரசர் கல்லறைகளில் வேலை செய்த கைவினைஞர்கள் குடியிருந்த ஊர். அங்கே சென்னெஜெம் என்ற தொழிலாளியின் கல்லறை இருக்கிறது. செங்குத்தான படியில் குனிந்து இறங்கினால் ஒரு சின்ன அறை. சுவரில் நிறம் மங்காத ஓவியம். அவர் ஏர் பூட்டி உழுகிறார், பின்னால் அவர் மனைவி கூடையிலிருந்து விதை தூவிக்கொண்டே வருகிறார். இன்னொரு பக்கம் அவர் அரிவாளால் கதிரை அறுக்க, அந்த அம்மாள் பின்னாலேயே கதிர் பொறுக்குகிறார். இறந்த பிறகு போகும் உலகத்திலும் வயல் இருக்கும், இருவரும் சேர்ந்தே வேலை செய்வார்கள் என்பது அவர்கள் நம்பிக்கை. வரைந்து 3,200 வருடத்துக்கு மேல் ஆகிறது.

என் மனைவி அந்தச் சுவரை விட்டு நகரவில்லை. அங்கிருந்த காவலர் அதைக் கவனித்துவிட்டு, கையிலிருந்த டார்ச்சை விதைக்கூடை மேல் அடித்துக் காட்டினார். அப்புறம் அவளைப் பார்த்து, உங்களுக்கும் வயல் உண்டா என்று சைகையில் கேட்டார். அவள் அங்கேயே குனிந்து நாற்று நடுவதைச் செய்து காட்டினாள். அவருக்கு ஒரே சந்தோஷம். தன் உள்ளங்கையை விரித்து நீட்டினார். கரும்பு வெட்டிக் காய்த்துப்போன கை. எங்கள் வீட்டு ஆள்களின் கையும் அப்படித்தான் இருக்கும்.

அடுத்தது எஸ்னா. அங்கே ஆற்றுக்குக் குறுக்கே கதவணை இருக்கிறது. கப்பலை ஒரு தொட்டிக்குள் விட்டுக் கதவை மூடி, தண்ணீரை ஏற்றி மேல்மட்டத்துக்குக் கொண்டுபோகிறார்கள். முறை வருவதற்குக் காத்திருக்கும்போது துணி வியாபாரிகள் சின்னப் படகில் வந்து கப்பலோடு கயிறு போட்டுத் தொற்றிக்கொள்வார்கள். கீழே படகில் நின்றபடி, பாலித்தீன் பையில் சுற்றிய துணியை நாலு மாடி உயரத்துக்குக் குறி தவறாமல் வீசுகிறார்கள். பிடித்திருந்தால் பேரம், இல்லையென்றால் திருப்பி வீச வேண்டியதுதான். என் மனைவி ஒரு மேசைவிரிப்புக்குத் தமிழிலேயே பேரம் பேசினாள், விரலால் விலை காட்டி. "இந்தியா? அமிதாப் பச்சன்!" என்று அந்த ஆள் கத்தியதும் மேல்தளமே சிரித்தது. விலை படிந்த பிறகு பணத்தை அதே பையில் கட்டிக் கீழே போட்டோம். அதுவரை சரக்கு எங்கள் கையில்தான் இருந்தது. முகம் தெரியாதவர்களை நம்பித்தான் அந்த மொத்த வியாபாரமும் நடக்கிறது. எனக்கு அந்த மனிதர் மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது.

எட்ஃபு கோயிலுக்குக் குதிரை வண்டியில் போனோம். கி.மு. 237-இல் தொடங்கிக் கட்டிய, ஹோரஸ் என்ற கடவுளின் கோயில். உள்ளே போகப் போகக் கூரை தாழ்ந்து, வெளிச்சம் குறைந்து, கடைசியில் கருவறை. வருடத்துக்கு ஒரு முறை தெந்தெராவிலிருந்து ஹாத்தோர் அம்மனைப் படகில் ஏற்றி இங்கே அழைத்து வந்து ஹோரஸோடு சேர்த்து வைத்து விழா எடுப்பார்களாம், வழியெல்லாம் ஊர் ஊராக ஜனங்கள் கூடுவார்களாம். வழிகாட்டி இதைச் சொன்னதும் நான் திருமழபாடி நந்தி கல்யாணத்தையும் எங்கள் ஏழூர் பல்லக்கையும் அவருக்கு விளக்க ஆரம்பித்துவிட்டேன். சுவாமி ஊர் விட்டு ஊர் போவார் என்றதும் அவர் நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். அடுத்து வரும் கோம் ஓம்போ கோயிலில் நைலின் வெள்ள அளவைப் பார்க்கும் கிணறு உண்டு. அந்த அளவை வைத்துத்தான் அந்த வருடத்து வரியையே போடுவார்களாம்.

அஸ்வான் உயர் அணையைப் பார்க்காமல் எந்த டெல்டாக்காரரும் திரும்பக் கூடாது. 1960-இல் தொடங்கி 1970-இல் முடித்தார்கள். நீளம் 3.8 கிலோமீட்டர், உயரம் 111 மீட்டர். பின்னால் நிற்கிற நாசர் ஏரியின் கொள்ளளவு நம் மேட்டூரைப்போல ஐம்பது அறுபது மடங்கு இருக்கும். அதனால்தான் நைல் கரையில் யாரும் தண்ணீர் எப்போது திறப்பார்கள் என்று தவம் கிடப்பதில்லை. ஆனால் வருடா வருடம் எத்தியோப்பிய மலையிலிருந்து வெள்ளத்தோடு இறங்கி வந்த வண்டல் அணைக்குப் பின்னாலேயே தங்கிவிடுகிறது. வயலுக்கு இப்போது மூட்டை உரம்தான்.

அந்த ஏரிக்கு விலை கொடுத்தவர்கள் அங்கே கரையில் வாழ்ந்துவந்த நூபியர்கள். எகிப்திலும் சூடானிலுமாக லட்சம் பேர் வரை ஊரை விட்டார்கள். அஸ்வானில் மோட்டார் படகில் கார்ப் சொஹேல் என்ற நூபிய கிராமத்துக்குப் போனோம். நீலமும் மஞ்சளும் பூசிய வீடுகள், தரையில் மணல், தொட்டியில் முதலைக்குட்டி. செம்பருத்தி இனத்துப் பூவில் போட்ட சிவப்புத் தேநீர் கொடுத்தார்கள். அந்த வீட்டுப் பாட்டி சிறுமியாக இருந்தபோது அவர் ஊர் ஏரிக்குள் போனதாம்.

என் மனைவி பிறந்தது கொளத்தூர் பக்கம், மேட்டூர் நீர்த்தேக்கத்தின் கரை. 1934-இல் அணை திறந்தபோது மூழ்கிய ஊர்களைப் பற்றி அவள் அம்மாயி சொல்லிக் கேட்டு வளர்ந்தவள். பண்ணவாடியில் நீர் இறங்கினால் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி தலைகாட்டும், இரட்டைக் கோபுர மாதா கோயிலும் தெரியும் என்று அவள் சொல்ல, நான் ஆங்கிலத்தில் சொல்ல, வழிகாட்டி அரபியில் சொன்னார். பாட்டி கேட்டுவிட்டு, "உங்கள் ஊர் தெரியுமா? எங்களுடையது தெரியவே தெரியாது" என்றார். அப்புறம் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, விட்டுவந்த பேரீச்ச மரங்களைப் பற்றி வெகுநேரம் பேசினார். பாதிக்கு மேல் மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை. மேட்டூர்த் தண்ணீரில் பயிர் வைக்கிற வீட்டில் வாழ்க்கைப்பட்டவள் இவள். அணை திறக்கும் ஜூன் 12-ஐ எதிர்பார்த்துக் காத்திருக்கிற நாங்கள், அந்தப் பக்கத்து ஊர்களைப் பற்றி வீட்டில் இவ்வளவு பேசியது அந்தப் பயணத்துக்குப் பிறகுதான்.

குடந்தை அக்கா:

தம்பி, பாட்டி சொன்னதைப் படித்ததும் கண் கலங்கிவிட்டது. நாங்களும் போய் வந்தோம். நான் சாப்பாட்டைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் சைவக்காரர்கள் பயந்துகொண்டே போகாமல் இருக்கிறார்கள். எங்களுக்கு டிக்கெட் போட்டவர் கப்பலில் தென்னிந்தியச் சாப்பாடு உண்டு என்று சத்தியம் செய்தார். அப்படி ஒன்றுமில்லை. ஆனால் பட்டினி கிடக்கவும் இல்லை. அவர்களுடைய காலைச் சாப்பாடே ஃபவா பயறை வேகவைத்து மசித்த ஃபூல், அதே பயறை அரைத்துச் சுட்ட தாமியா. நம் மசால்வடையை விரும்புகிறவர்களுக்கு தாமியா கட்டாயம் பிடிக்கும். சோறு, பருப்பு, மக்ரோனி, வறுத்த வெங்காயம், தக்காளிக் குழம்பு எல்லாம் ஒரே தட்டில் போட்டுத் தருகிற கொஷாரி, கெய்ரோவில் தெருவுக்குத் தெரு கிடைக்கும்.

கப்பல் சமையல்காரர் ஒருவர் எங்க வீட்டுக்காரர் வெறும் ரொட்டியும் தயிரும் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு, மறுநாள் வெண்டைக்காயைத் தக்காளியில் தனியாகச் செய்து எடுத்து வந்தார். இறைச்சி சேர்த்துத்தான் வழக்கமாகச் செய்வார்களாம், எங்களுக்காக அது இல்லாமல். நான் கொண்டுபோயிருந்த மாகாளிக்கிழங்கு ஊறுகாயைக் கொஞ்சம் கொடுத்தேன். வாசனையைப் பார்த்து முதலில் மிரண்டார், அப்புறம் எலுமிச்சை ஊறுகாய் இருக்கிறதா என்று கேட்டு அதை வாங்கிக்கொண்டார். டிப்ஸுக்குச் சில்லறை நோட்டாக நிறைய வைத்துக்கொள்ளுங்கள், எங்கேயும் தேவைப்படும்.

மன்னை விவசாயி:

ஐயாற்றுக்காரர் அண்ணன் விட்டது ஒன்று இருக்கிறது. கப்பல் போகிற பக்கம் நெல் கிடையாது. நெல் பார்க்க வேண்டுமானால் கெய்ரோவுக்கு வடக்கே, நைல் டெல்டாவுக்குப் போக வேண்டும். நாங்கள் கெய்ரோவிலிருந்து கனாத்தர் என்ற இடத்துக்குப் படகில் போனோம். நைல் அங்கேதான் ரோசெட்டா, டாமியெட்டா என்று இரண்டாகப் பிரிகிறது. நம் முக்கொம்பு மாதிரியேதான், குறுக்கே கதவணை, பக்கத்தில் பூங்கா, வெள்ளிக்கிழமை குடும்பம் குடும்பமாகச் சாப்பாடு கட்டிக்கொண்டு வருகிற கூட்டம். பழைய அணை சரியாக நிற்காமல் போக, 1880-களில் ஸ்காட் மான்க்ரீஃப் என்ற பொறியாளர் அதைச் சரிசெய்தார். இந்தியாவில் பாசன வேலை பார்த்துவிட்டு அங்கே போனவர்.

ஒரு குடும்பம் எங்களையும் பாயில் உட்காரச் சொல்லி டீ கொடுத்தது. பெரியவர் டெல்டாவில் நெல் போடுகிறவர். தண்ணீர் அதிகம் குடிக்கிறது என்று எந்தப் பகுதியில் எவ்வளவு நெல் போடலாம் என்பதை அரசே கட்டுப்படுத்துகிறது என்றார். கடலோரத்தில் உப்பேறுவதையும், வண்டல் வராமல் கரை அரிப்பதையும் சொன்னார். வேதாரண்யம் பக்கத்து என் மச்சான் பேசுவதைக் கேட்ட மாதிரியே இருந்தது. போட்டோ காட்டி நெல் ரகம் ரகமாகப் பேசினோம். பக்கத்தில் இரண்டு வீட்டுப் பெண்களும் வளையல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

புகார்க்கரை:

நாங்கள் செங்கடல் பக்கம் போனவர்கள். குசெய்ர் ஊருக்குப் பக்கத்துப் பழைய துறைமுகத்தில் தமிழ்ப் பிராமி எழுதிய பானை ஓடு கிடைத்ததையும், தெற்கே பெரெனிகே என்ற இன்னொரு பழைய துறைமுகத்தில் இந்தியப் பானையில் ஏழரைக் கிலோ மிளகு அப்படியே கிடைத்ததையும் படித்துவிட்டுத்தான் போனோம். குசெய்ரில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவரிடம் நான் மீனவர் வீட்டுப் பெண் என்று சொன்னதும், கையிலிருந்த ஊசியை என்னிடம் கொடுத்துவிட்டார். கிழிசலை முடித்துக் கொடுத்தேன். என் முடிச்சை அவிழ்த்து அவிழ்த்துப் பார்த்தார், அவர் முடிச்சை எனக்குக் காட்டினார். எங்க வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று வீடியோ எடுத்தார்.

ஐயாற்றுக்காரன்:

எப்போது போகலாம் என்று தனியாகக் கேட்டவர்களுக்கு: அக்டோபரிலிருந்து மார்ச் வரை. கோடையில் அஸ்வான் வெயில் நமக்கே ஆகாது. விடியற்காலை கப்பல் மேல்தளத்தில் குளிரும், ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். லக்ஸரில் கப்பல்களை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிவிடுவார்கள், கரைக்கு இறங்க நாலைந்து கப்பலுக்குள் புகுந்து நடக்க வேண்டியிருக்கும், முட்டிவலிக்காரர்கள் நேரம் வைத்துக் கிளம்புங்கள். அபு சிம்பல் மலைக்கோயிலுக்குப் போக விடியுமுன்னே எழுப்புவார்கள், தூங்காமல் போனாலும் பரவாயில்லை, போய்விடுங்கள். நாசர் ஏரியில் மூழ்காமலிருக்க அந்த மலைக்கோயிலையே 1964-இலிருந்து 1968-க்குள் அறுத்துப் பிரித்து 65 மீட்டர் மேலே வைத்திருக்கிறார்கள்.

டேர் எல் மதீனா பெரும்பாலான பயணத் திட்டத்தில் இருக்காது. பணம் கட்டுவதற்கு முன்பே அதைச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். விட்டுவிட்டு வராதீர்கள், அதிலும் ஜோடியாகப் போகிறவர்கள்.