கறிவேப்பிலை துளிரெல்லாம் மஞ்சள், மோர் ஊற்றியும் தேறவில்லை

கேள்வி (திருநகர்):
மொட்டைமாடியில் 20 லிட்டர் பெயிண்ட் வாளியில் கறிவேப்பிலை வைத்து இரண்டு வருஷம் ஆகிறது. போன தை வரைக்கும் நன்றாகத்தான் இருந்தது, ரசம் தாளிக்க அடுப்பை வைத்துவிட்டு அம்மா மாடிக்கு ஓடி வருவார். இப்போது வருகிற துளிரெல்லாம் வெளிறிய மஞ்சள், நுனி கருகுகிறது, செடி இடுப்புக்கு மேல் வளர மாட்டேன் என்கிறது. பக்கத்து வீட்டு அத்தை சொன்னார் என்று வாராவாரம் புளித்த மோர் ஊற்றினேன், ஒரு கைப்பிடி டிஏபி உரமும் போட்டேன், அப்புறம் இன்னும் மோசம்.

மறுமொழி (மேலூர்):
மோரை நிறுத்தாதீர்கள். எங்கள் கிணற்றடி மரம் மோரும் கழுநீரும் குடித்தே ஓட்டு உயரத்துக்குப் போய்விட்டது.

மறுமொழி (ஒத்தக்கடை):
அண்ணே, அது தரையில் நிற்கிற மரம். வாளியில் வாராவாரம் மோர் ஊற்றினால் எறும்புதான் குடியேறும். தம்பி, மஞ்சள் அடி இலையில் இல்லையே, துளிரில் மட்டும்தானே? நரம்பு பச்சையாகத் தெரிகிறதா? அதைவிட முக்கியம், என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள்?

கேட்டவர்:
துளிரில்தான் அண்ணே. நரம்பு மட்டும் பச்சையாக, வலை விரித்த மாதிரி. தண்ணீர்... ஆர்ஓ மெஷின் கழித்துவிடுவதைக் குடத்தில் பிடித்து ஊற்றுகிறேன், வீணாக்க மனசு வரவில்லை. வாளி விளிம்பில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாகப் படிந்திருக்கிறது, மோர் காய்ந்தது என்று நினைத்தேன்.

ஒத்தக்கடை:
அங்கேதான் வில்லங்கம். போர் தண்ணீரே உப்பு, மெஷின் நல்லதை உங்களுக்குக் கொடுத்துவிட்டு உப்பையெல்லாம் அந்த மிச்சத்தில் சேர்த்துத் தள்ளுகிறது, அதை நீங்கள் செடிக்கு ஊற்றியிருக்கிறீர்கள். அந்தத் தண்ணீரால் மண்ணில் காரத்தன்மை ஏறிவிட்டால் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது, அதனால்தான் இளந்துளிர் வெளிறி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறது. தழைச்சத்து (நைட்ரஜன்) குறை என்றால் அடி இலைதான் முதலில் பழுக்கும். டிஏபியில் உள்ள மணிச்சத்து (பாஸ்பரஸ்), இருக்கிற இரும்பையும் கட்டிப்போட்டிருக்கும். செடியைப் பெயர்த்து இன்னும் பெரிய தொட்டிக்கு மாற்றுங்கள், செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒன்று, மக்கிய சாணி ஒன்று, கூட ஒரு கை வேப்பம் பிண்ணாக்கு போதும். உரக்கடையில் அன்னபேதி (இரும்பு சல்பேட் உப்பு) வாங்கி லிட்டருக்கு 2 கிராம் கரைத்து, எலுமிச்சைச் சாறு நாலு சொட்டு விட்டு, சாயங்காலம் இலையில் தெளியுங்கள். பத்து நாள் கழித்து இன்னொரு தடவை. மண்ணில் கொட்டினால் கார மண்ணில் அதுவும் முடங்கிவிடும்.

மறுமொழி (திருமங்கலம்):
இன்னொன்று தம்பி, இலையை மட்டும் உருவி எடுத்துவிட்டுக் குச்சியை விட்டுவிடுகிறீர்களா? நுனியோடு கிள்ளுங்கள், கிள்ளிய இடத்துக்குக் கீழே இரண்டு கிளை வெடிக்கும். பூ வந்தாலும் கிள்ளிவிடுங்கள். இது எலுமிச்சைக் குடும்பம், அதனால் எலுமிச்சைப் பட்டாம்பூச்சி இதிலும் முட்டையிடும், சின்னப் புழு பார்க்கக் காக்கை எச்சம் மாதிரியே இருக்கும், நான் ஒரு வாரம் எச்சம் என்றே விட்டு வைத்துப் பாதிச் செடியை இழந்தேன்.

கேட்டவர் (ஆறு வாரம் கழித்து):
பெயர்க்கப் போனால் வாளி விடவே இல்லை. வடிகால் ஓட்டையை வேர் அடைத்து, உள்ளே கயிற்றுப் பந்து மாதிரி சுற்றிக்கிடந்தது, வாளியை வெட்டித்தான் எடுத்தேன். நடுவில் பெய்த மழைத் தண்ணீரை டிரம்மில் பிடித்து அதையே ஊற்றுகிறேன். பழைய மஞ்சள் இலை அப்படியேதான் இருக்கிறது, ஆனால் புதுத் துளிர் பச்சை, கசக்கினால் அந்தப் பழைய வாசனை. நேற்று நுனி கிள்ளியதிலேயே ஒரு கைப்பிடி தேறியது, நன்றாக அலசித் துவையல் அரைத்தோம். மெஷின் தண்ணீர் இப்போது மாடிப்படி கழுவ மட்டும்தான். அம்மாவுக்குத்தான் பழக்கம் விடவில்லை, குடத்தைத் தூக்கிக்கொண்டு செடிப்பக்கம் போகிறார், நான் ஓடிப்போய் மறிக்கிறேன்.