பழைய ஹீலியம் திரவமாக்கி சரியாகக் குளிரவில்லை, அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். டர்பனில் ஓர் ஆய்வகத்தில் வேலை. எங்களிடம் ஹீலியம் வாயுவைக் குளிர்வித்துத் திரவமாக்கும் காலின்ஸ் வகை இயந்திரம் இருக்கிறது, இரண்டு பிஸ்டன் எஞ்சின்கள் கொண்டது. வாயுவை எஞ்சினில் விரியவிட்டுக் குளிர்விக்கும் வழியை 1934இல் இயற்பியலாளர் கபிட்சா கேம்பிரிட்ஜில் தொடங்கிவைத்தார்; அதை அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் காலின்ஸ் வளர்த்தெடுத்த வடிவம் இது. எனக்கு இந்த இயந்திரத்தின் மேல் தனி மதிப்பு உண்டு.

முதல் எஞ்சினில் அழுத்தம் ஒழுங்காக இறங்குகிறது, வெப்பநிலை மட்டும் போதுமான அளவு இறங்குவதில்லை. வாயு பிஸ்டனைத் தள்ளி வேலை செய்தால்தானே அதன் ஆற்றல் வெளியேறும்? பிஸ்டனைத் தள்ளாமல் இடுக்கில் நழுவினால் குளிர்ச்சி கிடைக்காது. சுமார் 45 கெல்வினுக்கு (ஏறக்குறைய -228 டிகிரி செல்சியஸ்) மேல் ஹீலியத்தைச் சும்மா விரியவிட்டால் சூடுதான் ஏறும். அதனால் பிஸ்டனைச் சுற்றி வாயு கசியாமல் அடைக்கும் சீல் மேல் சந்தேகம். வெளியேற்று வால்வு முன்கூட்டியே திறந்தாலும் இதே அறிகுறி வருமே.

எஞ்சினைக் கழற்றாமல் இவ்விரண்டையும் பிரித்தறிவது எப்படி? சிலிண்டர் அழுத்தத்தையும் பிஸ்டன் நிலையையும் சேர்த்து வரைபடம் எடுத்துப் பார்த்தவர்கள் உண்டா? சென்சாரை எங்கே பொருத்தினீர்கள்? பெங்களூரு, கல்பாக்கம் பக்கம் இத்துறையில் இருந்து ஓய்வுபெற்ற ஐயாக்கள், அம்மாக்கள் யாரையாவது தெரிந்தால் இந்தப் பதிவைக் காட்டுங்கள். காற்றில் கலந்த ஹீலியம் திரும்பி வராது, அதனால்தான் அவசரம்.