'அவுட்கம்' என்பதற்கு 'விளைவு' போதுமா? வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.

காசநோயும் உணவும் பற்றிக் களப்பணியாளர்களுக்கான கையேடு ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். மற்றதெல்லாம் முடிந்துவிட்டது, சிகிச்சையின் அல்லது ஆய்வின் கடைசியில் என்ன ஆனது என்பதைக் குறிக்கும் 'அவுட்கம்' என்ற ஒரு சொல்லில் நிற்கிறேன்.

முதலில் எல்லா இடத்திலும் 'விளைவு' என்றுதான் போட்டேன். மூன்றாம் அத்தியாயத்தில் சிக்கல் வந்தது. ஜார்க்கண்டில் நடந்து 2023இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ரேஷன்ஸ் ஆய்வு அங்கே வருகிறது. நுரையீரல் காசநோயாளிகள் 2,800 பேர், அவர்களோடு ஒரே வீட்டில் வாழ்பவர்கள் 10,345 பேர். நோயாளிகள் எல்லோருக்கும் உணவுப்பொருள் கிடைத்தது. எந்தப் பகுதிகளில் வீட்டாருக்கும் கொடுப்பது என்பதைக் குலுக்கல் போலத் தற்செயலாகத் தேர்ந்தார்கள். அங்கே பெரியவர் ஒருவருக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, கூடவே சத்து மாத்திரை. அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது. பரவக்கூடிய வகையை மட்டும் எடுத்தால் 48 விழுக்காடு.

அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு. முதல் இரண்டு மாதத்தில் 5 விழுக்காடு எடை ஏறிய நோயாளிகளிடையே இறப்பு 61 விழுக்காடு குறைவு.

மூலத்தில் இரண்டுமே அவுட்கம்தான். வீட்டாருக்கு 'விளைவு' பொருந்துகிறது: உணவு கொடுத்தார்கள், நோய் குறைந்தது. எடை விஷயத்தில் அப்படிச் சொல்ல முடியுமா? எடை ஏறியதால் பிழைத்தார்களா, பிழைக்கக்கூடிய உடம்பாக இருந்ததால் எடை ஏறியதா? உணவைக் குலுக்கிக் கொடுக்கலாம், எடையை அப்படிக் கொடுக்க முடியாதே. விளைவு என்றால் விதை ஒன்று உண்டு என்று தமிழ்க் காது கேட்கிறது. ஆய்வு சொல்லாத காரணத்தை நான் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. போதாததற்கு அடுத்த பக்கத்திலேயே 'பக்கவிளைவு' வேறு வருகிறது.

மதுரையிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்

*

அம்மா, வணக்கம்.

சொல்லை மாற்றாதீர்கள் என்றுதான் எழுத வந்தேன். பாடநூலில் 'கற்றல் விளைவுகள்' என்று பிள்ளைகள் படிக்கிறார்கள், மருத்துவத்திலும் 'சிகிச்சை விளைவு' பழகிவிட்டது. ஆனால் உங்கள் எடைக் கேள்வி என்னைப் பழைய ஆய்வு ஒன்றுக்கு இழுத்துப் போனது.

சென்னை சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், 1959இல் வீட்டில் இருந்தபடியே பெறும் சிகிச்சையையும் சானடோரியத்தில் (காசநோயாளிகள் தங்கும் மருத்துவமனை) பெறும் சிகிச்சையையும் ஒப்பிட்டு முடிவுகளை வெளியிட்டது. சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நல்ல சாப்பாடும் ஓய்வும் இருந்தன. வீட்டில் இருந்தவர்கள் நெருக்கடியான வீடுகளில் குறைந்த உணவோடு மாத்திரை சாப்பிட்டார்கள். ஓராண்டு முடிவில் இரு தரப்பும் ஏறக்குறைய ஒன்றாகவே தேறின. உலகம் முழுவதும் சானடோரியங்களின் காலம் முடிய அது பெரிய காரணம். ஏழை வீட்டிலேயே நோயைக் குணமாக்கலாம் என்று காட்டிய அருமையான ஆய்வு. ஆனால் அதைப் படித்து வளர்ந்த எங்கள் தலைமுறைக்கு 'மாத்திரை போதும், சோறு இரண்டாம்பட்சம்' என்றும் பதிந்துபோயிற்று. அங்கே முதன்மையாகப் பார்த்தது சளியில் கிருமி ஒழிந்ததா, எக்ஸ்ரேயில் நுரையீரல் தெளிந்ததா என்பதை. ஜார்க்கண்டில் எடையையும் உயிரையும் வீட்டாரையும் பார்த்தார்கள். எதை அவுட்கமாக எடுத்துக்கொள்கிறோமோ அதற்குத்தான் பதில் கிடைக்கும். அந்தத் தேர்வுக்கும் சேர்த்து இடம் தரும் சொல் என்றால் விளைவு போதாதுதான்.

திருநெல்வேலி மருத்துவர்

*

அன்புடையீர்,

விளைவு வேண்டாம் என்பதை மனமார ஏற்கிறேன். 'விளை' என்பது முற்றுதல், பயன் தருதல். வினையும் விளைவும் பிரியாத இணை. "ஊழ்வினை உருத்துவந்து ஊட்டும்" என்னும் சிலப்பதிகாரப் பதிகத்தை நினையுங்கள். அங்கே 'ஊட்டும்' என்ற சொல்லைக் கவனித்தீர்களா? உண் என்பதிலிருந்து ஊண், ஊட்டு, ஊட்டம். வினை தன் பயனை ஊட்டுகிறது, தாய் சோற்றை ஊட்டுகிறாள், இரண்டுக்கும் ஒரே வேர். 'நியூட்ரிஷன்' என்பதை ஊட்டம் என்றதில், உண்பவர் மட்டுமல்ல, ஊட்டுபவரும் சொல்லுக்குள் வந்துவிட்டார். புறநானூற்றில் சிறுகுடி கிழான் பண்ணனைச் சோழன் கிள்ளிவளவன் "பசிப்பிணி மருத்துவன்" என்கிறான். பசி பிணி, சோறு மருந்து. சேத்துப்பட்டுக்குப் பிறகு மறந்ததைப் புறநானூறு மறக்கவில்லை.

என் முன்மொழிவு: 'நோயீறு'. ஈறு என்றால் இறுதி. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். காரணம் எதையும் சுமக்காத சொல். கூடவே, 'சிகிச்சை' எதற்கு? 'பண்டுவம்' இருக்கிறதே.

தமிழாசிரியர் (பணிநிறைவு), தஞ்சாவூர்

*

ஐயா, மருத்துவ நூலில் ஈறு என்றால் பல்லைச் சுற்றியுள்ள தசை. 'நோயீறு' என்று எழுதினால் ஈறு வீங்கியவர் என்றுதான் படிப்பார்கள். ஊட்டம் பற்றி எழுதியது நெஞ்சில் நிற்கிறது. (திருநெல்வேலி)

*

வணக்கம் ஐயா, அக்கா.

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கட பக்கம் இந்தச் சொல் ஏற்கனவே புழக்கத்தில் இருக்கிறது: பெறுபேறு. பரீட்சைப் பெறுபேறு வெளிவந்துவிட்டதா என்று சின்னப் பிள்ளையும் கேட்கும். கற்றல் விளைவு என்று நீங்கள் சொல்வதை நாங்கள் கற்றற்பேறு என்கிறோம். காரணத்தைச் சுமக்காது. பரீட்சையில் சித்தியடைந்தாலும் அடையாவிட்டாலும் அது பெறுபேறுதான்.

இலக்கணமும் இடம் தருகிறது. பெறு நீண்டு பேறு, கெடு கேடு ஆனது போல. பெறுபேறு வினைத்தொகை: பெற்ற, பெறுகின்ற, பெறும் பேறு. ஆய்வு நடக்கும்போதும் முடிந்த பிறகும் ஒரே சொல் நிற்கும்.

*

பெறுபேறு அழகான சொல், மறுக்கவில்லை. ஆனால் பேறு என்றாலே நற்பேறு, மகப்பேறு, வீடுபேறு. காசநோயில் ஒருவர் இறந்துவிட்டால் அதையும் பேறு என்று எழுதுவதா? முதுமொழியும் அறமும் இடிக்கின்றன. (தஞ்சாவூர்)

*

தண்டனை 'பெற்றான்' என்று சொல்கிறோம்தானே ஐயா? பெறுதலில் நன்மை தீமை இல்லை. அடைமொழிதான் அதைத் தருகிறது. (யாழ்ப்பாணம்)

*

எல்லோருக்கும் வணக்கம். நான் இலக்கணம் பேச வரவில்லை. இந்தக் கையேட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போகப்போகிறவள் நான்.

தமிழ்நாடு காசநோய் இறப்பில்லாத் திட்டம் 2022இல் வந்ததிலிருந்து, நோய் உறுதியானவுடன் மூன்றைப் பார்க்கிறோம். ஆள் எவ்வளவு மெலிந்திருக்கிறார், மூச்சு எப்படி இருக்கிறது, பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா. உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் குறியெண் (பிஎம்ஐ) 14 அல்லது அதற்குக் கீழே இருந்தால் மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பக் கூடாது, படுக்கையில் சேர்த்துப் பார்க்க ஏற்பாடு செய்ய வேண்டும். இது எல்லாமே படிவத்தில் 'அவுட்கம்' என்ற அந்த ஒரு கட்டத்தில் என்ன எழுதப்போகிறோம் என்பதற்காகத்தான். எங்களுக்குள் அதைக் 'கடைசியில் என்ன ஆச்சு' என்றுதான் கேட்டுக்கொள்வோம்.

ஒருமுறை ஒரு வீட்டில் "உங்க முடிவை எழுதணும்" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அந்தத் தாத்தாவின் மகள் அழ ஆரம்பித்துவிட்டார். அதனால் தயவுசெய்து 'முடிவு' வேண்டாம். பண்டுவம் என்றால் என் பகுதியில் ஒருவருக்கும் புரியாது ஐயா, சிகிச்சை என்றால் எல்லோருக்கும் புரியும். பெறுபேறு படித்தால் புரிகிறது, ஆனால் படிவத்தின் தலைப்பில் பார்த்தால் நின்று யோசிப்பேன்.

களப்பணியாளர், திண்டுக்கல் பக்கம்

*

அனைவருக்கும் நன்றி. வியாழன் இரவு ஆகிவிட்டது, முடிவெடுத்தாக வேண்டும்.

களத்தில் இருக்கும் சகோதரியின் மடல்தான் என்னை அசைத்தது. ஒரே சொல்லை இரண்டு வேலைக்கு வைத்திருந்தேன். அதனால் இப்படிச் செய்கிறேன். ஆய்வுகளைப் பேசும் மூன்றாம் அத்தியாயத்தில் 'பெறுபேறு', முதல் இடத்தில் ஒரு வரி விளக்கத்தோடு. படிவத்தின் தலைப்பில் 'சிகிச்சைக்குப் பின் நிலை'. நீளம்தான், ஆனால் வாசலில் நின்று சத்தமாகப் படிக்கலாம். உணவு கொடுத்து நோய் குறைந்த இடத்தில் மட்டும் 'விளைவு' அப்படியே இருக்கும், ஏனென்றால் அங்கே அது உண்மை.

படிவத்தில் உள்ள வரிகள்: குணமடைந்தார், சிகிச்சையை முடித்தார், சிகிச்சை பலன் தரவில்லை, இறந்தார், தொடர்பு விட்டுப்போனது. கடைசி வரியில் அதிக நேரம் செலவிட்டேன். முன்பு 'டிஃபால்டர்' என்று இருந்தது, கடன் கட்டாதவரைச் சொல்வது போல. உலக சுகாதார நிறுவனம் 2013இல் அந்தச் சொல்லைக் கைவிட்டது. நம் பழைய நகல்களில் 'தவறியவர்' என்று இருந்ததை எடுத்துவிட்டேன். மாத்திரையை நிறுத்திவிட்டு வேலை தேடி வேற்றூர் போனவரைத் தவறியவர் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. விட்டுப்போனது தொடர்பு. அதைப் பிடித்துக்கொள்ள வேண்டியது நம் வேலையும்தான்.

*

அம்மா, அச்சுக்குத் தடை சொல்ல மாட்டேன். 'தொடர்பு விட்டுப்போனது' நல்ல தமிழ். ஆனால் மூன்றாம் அத்தியாயத்தில் "இறப்பு என்னும் பெறுபேறு" என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரியை என்னால் ஏற்க முடியவில்லை என்பதைப் பதிவு செய்துவிடுகிறேன். அடுத்த பதிப்பில் மீண்டும் எழுப்புவேன். (தஞ்சாவூர்)

*

அச்சுக்குப் போகும் முன் ஒன்று. 31ஆம் பக்கத்தில் 'உடல் பருமன் குறியீடு 14' என்று இருக்கிறது. எலும்பும் தோலுமாக இருப்பவருக்குப் பருமன் என்று எழுதலாமா? 'உடல்நிறைக் குறியெண்' என்று மாற்றிவிடுங்கள். நிறையா எடையா என்று ஆசிரியர் ஐயா கேட்பார், அதை அடுத்த வாரம் பேசலாம். (திருநெல்வேலி)