முதல் பிள்ளைக்கு வந்த பிரஷர் இரண்டாவதற்கும் வருமா?

கொழுந்துமலை (தலவாக்கலை) கேட்கிறார்:

என் மகனுக்கு இப்போது நான்கு வயது. 33ஆவது வாரத்திலேயே பிறந்தவன். அப்போது என் முகமும் கையும் வீங்கிப்போய், கண் மங்கி, தலை பிளப்பதுபோல் வலித்தது. தோட்டத்து டிஸ்பென்சரியில் பார்த்தபோது பிரஷர் 170/110. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே வலிப்பு வராமலிருக்க ஊசி போட்டு, அன்றிரவே சத்திரசிகிச்சை செய்து பிள்ளையை எடுத்தார்கள். 1.6 கிலோதான் இருந்தான். கடவுள் புண்ணியத்தில் இன்று நன்றாக இருக்கிறான்.

இன்னொரு பிள்ளை வேண்டும் என்று இருவருக்கும் ஆசை. எனக்கு 31 வயது. அன்றைக்கு இருந்ததைவிட எடை கூடிவிட்டது. அம்மாவுக்கும் அக்காவுக்கும் பிரஷர் உண்டு. போன மாதம் தோட்டத்தில் நடந்த மருத்துவ முகாமில் எனக்கு 138/88 என்றார்கள். கருவாடும் உப்பும் தின்றதால்தான் அன்று அப்படி ஆனது என்கிறார் மாமியார். குளிர் மலையில் இருப்பதால்தான், கீழே வந்துவிடு என்கிறார் கொழும்பில் வேலை செய்யும் கணவர். அம்மாவின் பிரஷர் குளிசையில் பாதியை இப்போதே போட்டு வந்தால் நல்லதா? யாருக்கு மறுபடி வரும், யாருக்கு வராது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பண்டாரவளை அம்மா:

பயப்பட வேண்டாம் தங்கச்சி. எனக்கும் முதல் பிள்ளைக்கு வந்தது, ஆனால் 36 வாரம் தாண்டித்தான். இரண்டாவதற்கு ஆரம்பத்திலிருந்தே கிளினிக்கில் அஸ்பிரின் கொடுத்தார்கள். கடைசி மாதத்தில் பிரஷர் கொஞ்சம் ஏறியது, குளிசையோடு அடங்கியது. பிள்ளை நிறைமாதத்தில் பிறந்தாள்.

ஓய்வுபெற்ற மருத்துவமாது (பொகவந்தலாவை):

மகள், முதலில் அந்தக் குளிசை. அம்மா எடுப்பது லொசார்டனோ எனலப்ரிலோ என்றால், அது கர்ப்பத்தில் தொடவே கூடாத மருந்து. வயிற்றுப் பிள்ளையின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். தோட்டங்களில் ஒருவர் குளிசையை இன்னொருவர் வாங்கிப் போடுவதை வேலைக்காலம் முழுவதும் பார்த்துக் கவலைப்பட்டவள் நான். தயவுசெய்து பாதியும் வேண்டாம், கால்வாசியும் வேண்டாம். கர்ப்பிணிக்குக் குளிசை தேவைப்பட்டால் மெத்தில்டோப்பா, லபெட்டலோல், நிபெடிபின் என்று அதற்கானவை இருக்கின்றன. எது என்பதை வைத்தியர் முடிவு செய்யட்டும்.

மறுபடி வருமா என்பதற்கு எல்லோருக்கும் ஒரே பதில் கிடையாது. முதல் தடவை எத்தனையாவது வாரத்தில் வந்தது என்பதுதான் பெரிய அளவுகோல். பிரித்தானியாவின் நைஸ் (NICE) மருத்துவ வழிகாட்டியில் உள்ள கணக்கைச் சொல்கிறேன்: சிறுநீரில் புரதத்தோடு வரும் இந்தப் பிரஷர் ஒருமுறை வந்தவர்களில் ஏறத்தாழ 6 பேரில் ஒருவருக்கு அடுத்த கர்ப்பத்திலும் அதே நிலை வருகிறது. 34 முதல் 37 வாரத்துக்குள் பிரசவம் செய்ய வேண்டி வந்திருந்தால் 4 பேரில் ஒருவர். 28 முதல் 34 வாரத்துக்குள் என்றால் 3 பேரில் ஒருவர். உன் மகன் 33இல் பிறந்தவன், அதனால் நீ இந்தக் கடைசிக் கூட்டம். பண்டாரவளை அம்மாவின் அனுபவம் உண்மையானது, ஆனால் அவருக்கு 36 வாரம் தாண்டியிருந்தது. அவருக்கு லேசாகப் போனதால் உனக்கும் அப்படியே போகும் என்று இருந்துவிடாதே. அதேபோல் 3 பேரில் இருவருக்கு அது திரும்பி வருவதில்லை என்பதையும் மனதில் வைத்துக்கொள்.

அடுத்தது, இரண்டு கர்ப்பத்துக்கும் நடுவில் உடம்பில் என்ன மிஞ்சியிருக்கிறது என்பது. பிரசவம் முடிந்து மூன்று மாதத்துக்குள் பிரஷர் இறங்கி, சிறுநீரில் புரதமும் மறைந்துவிட வேண்டும். மறையாவிட்டால் சிறுநீரகத்தைப் பார்க்க வேண்டும். 138/88 என்பது 140/90இன் வாசலில் நிற்கும் எண். அது நிலையாகவே உயர்ந்திருக்கிறதா என்று கர்ப்பம் தரிப்பதற்கு முன்பே தெரிய வேண்டும், ஏனென்றால் ஏற்கெனவே இருக்கும் பிரஷரின் மேல் கர்ப்பப் பிரஷரும் ஏறினால் சமாளிப்பது கடினம். நீரிழிவும் இதில் சேர்த்தி, ஒருமுறை சீனி சோதித்துவிடு. எடையையும் இப்போதே குறைக்கத் தொடங்கு. வயிற்றில் பிள்ளை வந்த பிறகு அதற்குப் பட்டினி கிடப்பது கூடாது. குடும்பத்தில் பிரஷர் இருப்பதும் ஆபத்தைக் கூட்டும், அதை மாற்ற முடியாது. வயது உனக்குப் பிரச்சினையில்லை. பத்து ஆண்டுக்கு மேல் இடைவெளி விட்டால் ஆபத்து கூடும், அதுவும் உனக்கு இல்லை.

34 வாரத்துக்கு முன் கடுமையாக வந்தவர்களுக்கு இரத்தம் உறையவைக்கும் ஒருவகை எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று சோதிப்பதுண்டு. பொஸ்பொலிப்பிட் எதிர்ப்பொருள் சோதனை என்பார்கள். வைத்தியரிடம் கேள். இதை நம் பெண்களில் பலர் கேட்பதேயில்லை.

மாமியாரிடம் பணிவாகச் சொல், கருவாட்டின் மேல் பழி போட வேண்டாம். இந்தப் பிரஷரின் வேர் நச்சுக்கொடியில் இருக்கிறது. கர்ப்பத்தின் தொடக்கத்தில் தாயின் இரத்தக்குழாய்கள் அங்கே சரியாக விரிவடையாததால் பின்னால் உடம்பு முழுவதும் பாதிக்கப்படுகிறது. உப்பை முற்றாக நிறுத்தினாலும் அதைத் தடுக்க முடியாது. எல்லோருக்கும் சொல்லும் அளவோடு சாப்பிட்டால் போதும்.

இனி நான் எழுத வந்த முக்கியமான விஷயம். நம் பக்கத்தில் மூன்று மாதம் முடியும்வரை கர்ப்பத்தை வெளியே சொல்வதில்லை, கண் படும் என்று. ஆனால் அஸ்பிரின் 12ஆவது வாரத்தில் தொடங்க வேண்டும், 16 வாரம் தாண்டிவிட்டால் பலன் குறைவு. 2017இல் வெளியான அஸ்ப்ரே ஆய்வில், ஆபத்து அதிகமுள்ள பெண்கள் இரவில் 150 மில்லிகிராம் எடுத்தபோது 37 வாரத்துக்கு முன் வரும் வகை 62 சதவீதம் குறைந்தது. நீ மறைக்கும் அந்த மூன்று மாதத்திலேயே மருந்து தொடங்கும் காலம் வந்துவிடும். ஊருக்குச் சொல்ல வேண்டாம், மருத்துவமாதுவிடம் சொல். நாள் தள்ளிய உடனே பதிவு செய். அஸ்பிரினையும் நீயாகக் கடையில் வாங்கிப் போடாதே. வயிற்றுப் புண், ஆஸ்துமா இருக்கிறதா என்று பார்த்துத்தான் அளவு எழுதுவார்கள்.

ஹட்டன் ஆசிரியர்:

கணவர் சொல்லும் குளிர் மலை விஷயத்துக்கு மட்டும் பதில் தருகிறேன். உயரத்தால் கர்ப்பப் பிரஷர் கூடுகிறது என்ற ஆய்வுகள் ஏறத்தாழ 2,500 மீற்றருக்கு மேல் வாழும் மக்களைப் பற்றியவை. இலங்கையிலேயே உயரமான பீதுருதாலகால உச்சியே 2,524 மீற்றர்தான், அங்கே யாரும் குடியிருக்கவில்லை. நம் லயன் வீடுகள் எல்லாம் அதற்கு வெகு கீழே. மலையில் நம்மை வருத்துவது பாதை. மழை இரவில் வண்டி கிடைக்காது. 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். வண்டி எந்த இடம்வரை வர முடியும் என்று ஏழாவது மாதத்துக்குள் பார்த்து வையுங்கள்.

கொழுந்துமலை:

மருத்துவமாது அம்மா, மிக்க நன்றி. போன பிரசவத்தில் ஆஸ்பத்திரியில் தந்த அட்டை, கூரை ஒழுகி நனைந்து எழுத்தே தெரியவில்லை. இன்னொன்று, கிளினிக் நாளில் போனால் எனக்கு அன்றைய பேர் (நாள் கூலி) போய்விடுகிறது. அதனாலேயே போன தடவை இரண்டு கிளினிக் விட்டுப்போனது.

ஓய்வுபெற்ற மருத்துவமாது:

பேர் போகிறது என்பது எனக்குத் தெரிந்த வேதனை. கர்ப்பிணி கிளினிக் போகும் நாளுக்குக் கூலி வெட்டுவதை எந்தத் தோட்டத்திலும் நியாயம் என்று நான் ஏற்கமாட்டேன். உன் மருத்துவமாதுவையும் தொழிற்சங்கத் தலைவரையும் சேர்த்துக் கொண்டு தோட்டத்துத் துரையிடம் பேசு. அதுவரை கணவரிடம் சொல்லி மேற்கையில் கட்டும் பிரஷர் மெஷின் ஒன்றை வாங்கி, கிளினிக்குக்குக் கொண்டுபோய் அங்குள்ளதோடு ஒப்பிட்டுப் பார். மலைப்படி ஏறி வந்த மூச்சோடு கையை நீட்டாதே. ஐந்து நிமிடமாவது சாய்ந்து உட்கார்ந்து, பேசாமல் இருந்து, பிறகு பார். தேநீர் குடித்த கையோடும் பார்க்காதே.

அட்டை போனால் போகட்டும். பிரசவம் நடந்த ஆஸ்பத்திரிப் பதிவறையில் திகதியைச் சொல்லிக் கேட்டுப் பார். மகனின் சுகாதாரப் பதிவேட்டில் பிறந்த எடையும் திகதியும் இருக்கும், அதையும் எடுத்துப் போ. கிளினிக்கில் தரும் கல்சியத்தையும் இரும்புச்சத்துக் குளிசையையும் ஒரே நேரத்தில் விழுங்காதே, இரும்புக் குளிசையைச் சாயத் தேநீரோடும் எடுக்காதே. ஆறாத தலைவலி, கண் மங்கல், மேல் வயிற்றில் வலி, திடீர் வீக்கம், பிள்ளையின் அசைவு குறைவது, இவற்றில் எது வந்தாலும் அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திராமல் அன்றே போய்விடு. பிரசவம் ஆன பிறகும் அப்படித்தான். வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலும் வலிப்பு வரக்கூடும், அதனால் அப்போதும் பிரஷர் பார்க்கச் சொல்லிக் கேள்.