இரகசியக் கண்காணிப்பு பேச்சுரிமையைப் பாதிக்கிறது என்பதை நீதிமன்றத்தில் எப்படி நிறுவுவது?

சட்டமாணவி:
ஒரு கட்டுரையைத் தடை செய்தாலோ எழுதியவரைக் கைது செய்தாலோ பாதிப்பு கண்ணெதிரே தெரிகிறது, வழக்குத் தொடுக்கலாம். ஆனால், அரசு ஒட்டுக்கேட்கிறதோ என்ற ஐயத்தில் ஒருவர் தாமாகவே வாயைக் கட்டிக்கொண்டால், அதை உரிமை மீறல் என்று எந்த நீதிமன்றமாவது ஏற்குமா? பேசாமல் விட்ட பேச்சுக்குச் சான்று எங்கிருந்து வரும்? விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற நிருபர்:
அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை, அம்மா. குடிமக்களின் அரசியல் நடவடிக்கைகளை ராணுவம் வேவு பார்த்தது பற்றிய 1972-ஆம் ஆண்டின் லேர்ட் எதிர் டேட்டம் வழக்கில், மனத்தில் எழும் அச்சம் மட்டுமே வழக்காடும் தகுதியைத் தராது என்று 5-க்கு 4 என்ற பெரும்பான்மையில் கூறிவிட்டார்கள். 2013 பிப்ரவரியில் தீர்ப்பான கிளாப்பர் வழக்கு இன்னும் விசித்திரமானது. வெளிநாட்டிலுள்ள கட்சிக்காரர்களோடும் செய்தி தருவோரோடும் தொலைபேசியில் பேச அஞ்சி, விமானம் ஏறிப்போய் நேரில் பேச வேண்டியிருக்கிறது என்று வழக்கறிஞர்களும் பத்திரிகையாளர்களும் முறையிட்டார்கள். கண்காணிப்பு நடக்கிறது என்பது வெறும் ஊகம், அந்தச் செலவு நீங்களாக இழுத்துவிட்டுக்கொண்டது என்று, மறுபடியும் 5-க்கு 4 என்ற கணக்கில், மனு தள்ளுபடியானது. அதே ஆண்டு ஜூனில், அமெரிக்க அரசின் பரந்த இரகசியக் கண்காணிப்பை அம்பலப்படுத்திய ஸ்னோடன் ஆவணங்கள் வெளிவந்தன!

சான்று கேட்டீர்கள். அந்த நவம்பரில் பென் அமெரிக்கா என்ற எழுத்தாளர் அமைப்பு வெளியிட்ட ஆய்வில், கருத்துக் கூறிய 520 எழுத்தாளர்களில் 16 விழுக்காட்டினர் கண்காணிப்புக்கு அஞ்சி ஏதோவொரு பொருளைப் பற்றி எழுதுவதையோ பேசுவதையோ தவிர்த்ததாகச் சொல்லியிருந்தார்கள். எழுதப்படாமல் போனவை எவை என்பதை எந்த ஆய்வாலும் காட்ட முடியாது என்பது உண்மைதான்.

வழக்குரைஞன்:
ஐயா கூறியது அமெரிக்க நிலை. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1978-லேயே, கிளாஸ் எதிர் ஜெர்மனி வழக்கில், வேறு வழியில் சென்றது. கண்காணிப்பு இரகசியமானது என்பதால், தாம் கண்காணிக்கப்பட்டதை மெய்ப்பிக்குமாறு மனுதாரரைக் கேட்பது பொருந்தாது, அப்படிப்பட்ட சட்டம் நடைமுறையில் இருப்பதே அவரைப் பாதிக்கப்பட்டவராகக் கருதப் போதுமானது என்று கூறியது. மனுதாரர்கள் கடைசியில் தோற்றார்கள். ஆனாலும் கதவு திறந்தது.

இந்தியாவில் 1996-ஆம் ஆண்டின் மக்கள் சிவில் உரிமைக் கழக வழக்கு, தொலைபேசியில் பேசுவதும் அரசமைப்பின் 19(1)(அ) பிரிவின்கீழ் வரும் பேச்சுரிமையே என்று தெளிவாக்கியது. எனினும், ஒட்டுக்கேட்க ஆணையிடுபவர் உள்துறைச் செயலர். அதைச் சீராய்வதும் செயலர்கள் குழுவே. நீதிபதி எவரும் இல்லை. ஒட்டுக்கேட்கப்பட்டவருக்குப் பின்னரேனும் தெரிவிக்க வேண்டும் என்ற கடமையும் நம் சட்டத்தில் இல்லை. தெரியாத ஒன்றை எதிர்த்து எந்தக் கட்சிக்காரர் என்னிடம் வருவார்?

தேர்வுக்கு நீங்கள் படிக்க வேண்டியது கைபேசிகளில் பெகாசஸ் என்ற உளவு மென்பொருளைப் புகுத்தியதான புகார் பற்றி 27.10.2021 அன்று வந்த பெகாசஸ் ஆணை. உளவு பார்க்கப்படுகிறோம் என்ற அச்சமே சுயதணிக்கைக்கு இட்டுச் செல்லும் என்பதை, குறிப்பாகப் பத்திரிகைச் சுதந்திரத்தை முன்வைத்து, உச்ச நீதிமன்றம் அதில் ஏற்றுக்கொண்டு, தொழில்நுட்பக் குழுவையும் அமைத்தது. குழு ஆராய்ந்த 29 கைபேசிகளில் ஐந்தில் தீங்குநிரல் இருந்தது, அது பெகாசஸ்தான் என்று உறுதியாகவில்லை. ஒன்றிய அரசு ஒத்துழைக்கவில்லை என்று குழு கூறியிருப்பதை 2022 ஆகஸ்டில் தலைமை நீதிபதியே அவையில் தெரிவித்தார்.